போடி ஸ்டுடியோ கோட்டின் மூன்றாவது பொத்தான்

போடி கடைத்தெருவில் செல்லப்பாண்டி ஏலக்காய் மண்டி வைத்திருந்தார். அந்த மண்டிக்கு மேல்மாடியில்தான் எங்கள் பெரியப்பா ஞானசிகாமணியின் போட்டோ ஸ்டுடியோ. செல்லப்பாண்டி சாமி கும்பிடுகிற குடும்பம், நாங்கள் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரக் குடும்பம், ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனாலும் பெரியப்பாவை அவர் வாய் நிறைய ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார். கீழே ஏலக்காய் வாசம், மேலே படம் கழுவுகிற மருந்து வாசம். மாடிப்படியில் பாதி ஏறும்போது இரண்டும் கலந்து மூக்கில் ஏறும். இப்போதும் ஏலக்காய் டப்பாவைத் திறந்தால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

நான் சொல்ல வந்தது பெரியப்பா மகள் ஜெபமணி அக்காவைப் பற்றி. அக்காவைப் பெற்றவளும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவளைப் போடிக்கும் இளையவளைத் தேனிக்கும் கொடுத்தார்கள். பெரியம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்கா பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அக்கா பதினொன்று வரை படித்து, மண்டிக்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுக்கிற அளவுக்கு வந்தாள். அறுபத்தைந்தில் பெரியகுளத்து வாத்தியார் ஒருவருக்கு அவளைக் கொடுத்தோம். மூன்றாம் வருஷம் மஞ்சள் காமாலையில் அத்தான் போய்விட்டார். பிள்ளை இல்லை. திரும்பி வந்த அக்கா ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். எட்டாம் நாள் எழுந்து ஸ்டுடியோவுக்குப் போய், படம் எடுக்க வந்திருந்த ஒரு பெண்ணுக்குத் தலை சீவிவிட்டாள். அன்றிலிருந்து பெண்கள் பக்கத்து வேலை எல்லாம் அவள் கைக்கு வந்தது, பிறகு கேமராவும் வந்தது.

அந்த ஸ்டுடியோவுக்கு யார் வருவார்கள்? பாதிப் பேர் மலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிற சனம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கி வரும். காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருக்கும், சட்டை தோளில் கிழிந்திருக்கும். அதோடு பெரியப்பா யாரையும் படம் எடுத்ததில்லை. ஒரு மரப்பெட்டியில் சீப்பு, பவுடர், எண்ணெய், ஓடாத கைக்கடிகாரம் ஒன்று, பாசிமாலை ரெண்டு. சுவரில் ஆணியில் ஒரு கருப்புக் கோட்டு. எவன் வந்தாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். அதில் மூன்றாவது பொத்தான் எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொள்ளச் சொல்லிப் பெரியப்பா சமாளித்துவிடுவார்.

கருப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார். “படம் யாருக்கு?” பெண் வீட்டுக்கு என்றால் உட்கார வைத்துக் கடிகாரம் தெரிய எடுப்பார். புருஷனுக்கு என்றால் பிள்ளையை முன்னால் நிறுத்துவார். ஒருமுறை சங்கிலி என்ற எஸ்டேட்காரர் வந்தார். மரம் விழுந்து அவர் காலே போய்விட்டது என்று வருசநாட்டில் இருக்கிற அவர் தாய்க்கு யாரோ சொல்லிவிட, அந்த அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறதாம். பெரியப்பா கேமராவைச் சுவர் வரைக்கும் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“முழு ஆளும் விழணும்ப்பா. ஒங்க ஆத்தா மூஞ்சியவா பாப்பாக? மொதல்ல காலத்தான் பாப்பாக” என்றார்.

எழுபத்தெட்டு கார்த்திகையில் சிலோனில் பெரிய புயல் அடித்தது. மட்டக்களப்புப் பக்கம் ஊர் ஊராக அழிந்தது. தை மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பாதிரி அய்யர் ஒரு காகிதத்தை வாசித்தார். வெளிநாட்டு நிவாரணச் சங்கம் ஒன்று அங்கே வேலை செய்கிறது, தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்து, படம் எடுக்கவும் கடிதம் எழுதவும் கூடிய ஆள் ஒரு வருஷம் தொண்டு செய்ய வேண்டும், சாப்பாடும் தங்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. அக்கா அன்று சாயங்காலமே எழுதிப் போட்டுவிட்டாள்.

கடைத்தெருவுக்கு ஒரு மாசம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. செல்லப்பாண்டி மண்டி வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

“ஏத்தா ஜெபமணி, சம்பளமில்லாத வேலைக்குக் கப்பலேறிப் போறியாமே? அதுக்கு எம் மண்டியில ஒக்காந்து ஏலக்காய் பொறுக்கலாமே!”

“ஒங்க மண்டியில சம்பளத்துக்கு வந்தவகளே சம்பளமில்லாமத்தான மாமா பொறுக்குறாக” என்றாள் அக்கா. உள்ளே பொறுக்கிக்கொண்டிருந்த பொம்பளைகள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டது.

என் அம்மாதான் அழுதாள். “அத்தான், நீங்க சொன்னாக் கேப்பா. தாயில்லாத பிள்ள, புருசனும் இல்ல, கடல் தாண்டிப் போகணுமா? வேணாம்னு ஒத்த வார்த்த சொல்லுங்க” என்று பெரியப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். பெரியப்பா எழுந்துபோய் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து, உதறி, மடித்து, அக்கா பெட்டியில் வைத்தார்.

“அங்கன எல்லாருக்கும் எல்லாம் தண்ணியோட போயிருக்கும். படம் எடுக்கையில ஆகும்” என்றார்.

மாசி மாதம் போடியில் ரயில் ஏறி, மதுரையில் மாறி, ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறிப் போனாள். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வரும். நான்தான் எழுத்துக் கூட்டி அம்மாவுக்கு வாசிப்பேன். இனி சொல்வதெல்லாம் அந்தக் கடிதங்களில் வந்ததும், திரும்பி வந்து அவள் வாயால் சொன்னதும்தான்.

அக்கா பார்த்த வேலைக்கு அந்த ஆபீசில் நீளமான இங்கிலீஷ் பேர் இருந்தது. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி அவள் எழுதியிருந்தாள்: ‘சித்தி, இது சம்பந்தம் பேசுகிற வேலைதான். ஒரு வீடு சீமையில் இருக்கிற சபை. இன்னொரு வீடு இங்கே அழிந்துபோன ஊர். இவர்களைப் பற்றி அவர்களுக்கும் அவர்களைப் பற்றி இவர்களுக்கும் நான் எழுத வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் மனசு ஒத்துப்போனால் அந்தச் சபை இந்த ஊரைத் தத்தெடுத்துக்கொள்ளும்.’

அவளுக்குக் கொடுத்த ஊர் தாழைமுனை. கடலோரத்தில் மீன்பிடிக்கிற ஊர். பதினொரு தோணி இருந்தது, பதினொன்றும் புயலோடு போய்விட்டது. தோணி வாங்கித் தர ஒரு சீமைச் சபை யோசித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி வந்தால் அங்கே கடல் கொந்தளிக்கும். அதற்கு முன்னால் தோணி வந்து ரெண்டு மாசமாவது மீன்பிடித்தால்தான் அடுத்த வருஷத்துக்கு அரிசி. வராவிட்டால் ஊர் கலைந்து ஆளுக்கொரு திசை போகவேண்டியதுதான். அந்தப் பதினொரு வீட்டுத் தலையெழுத்தும் அக்கா எடுக்கிற படத்தில் வந்து நின்றது.

முதல் தடவை அக்கா போனபோது கண்ணாத்தை என்ற அம்மாதான் எதிரே வந்தாள். ஒரே மகனையும் அவன் தோணியையும் புயலுக்குக் கொடுத்தவள்.

“ஆருக்கு, மகள், படம்?” என்று கேட்டாள். பெரியப்பா கேட்கிற அதே கேள்வி, கடல் தாண்டி வந்த இடத்தில் இன்னொரு வாயில்.

“சீமையில ஒரு சபைக்காரக பாக்கப் போறாக, ஆத்தா. பிடிச்சுப்போச்சுன்னா தோணி வாங்கித் தருவாக.”

“அப்ப விருந்தாளி மாதிரி. ஊத்தைச் சீலையோட விருந்தாளிக்கு முன்னால நிக்கேலாது” என்றாள் கண்ணாத்தை.

அக்காவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பெட்டியைத் திறந்தாள். எல்லாருக்கும் தலை சீவினாள், பவுடர் போட்டாள். பின்னால் இடிந்த சுவரும் முறிந்த தென்னையும் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்ததால், சங்கம் கொடுத்த சாம்பல் நிறப் போர்வையை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித் திரை கட்டினாள். தோணிக்கு ஒரு ஆள் என்று பத்து ஆண்பிள்ளைகள் வரிசையாகக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பதினோராவது கண்ணாத்தை, இரவல் சேலையில். கந்தவனம் என்கிற கிழவர் கைலிக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாராம்.

“இஞ்ச பாருங்கடா, இனி நான்தான் ஊருக்குப் பிரக்கிராசி. வழக்கு இருக்கிறவன் வரிசையில வா!” பிரக்கிராசி என்றால் அங்கே வக்கீல். ஊரே சிரித்தது. புயலுக்குப் பிறகு அந்த ஊர் சிரித்தது அன்றைக்குத்தானாம்.

படங்கள் அழகாக விழுந்திருந்தன. ‘அப்பா பார்த்தால் ஒரு குறை சொல்ல மாட்டார்’ என்று எழுதியிருந்தாள். அடுத்த கடிதத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணோம்.

சங்கத்து மேற்பார்வைக்கு எல்சா என்றொரு வெள்ளைக்காரம்மா. அக்காவைக் கூப்பிட்டுப் பதினொரு படத்தையும் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார்.

“ஜெபா, இந்த ஊருக்கு ஒரே தையல்காரர்தானா? பத்துக் கோட்டிலும் மூன்றாவது பொத்தான் இல்லையே” என்றார். சிரிக்கவில்லை. சீமையிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினார். ‘இவர்கள் எங்களைவிட நன்றாக இருக்கிறார்கள். கோட்டுப் போடுகிறவர்கள் தோணியும் வாங்கிக்கொள்ள மாட்டார்களா? உண்மையிலேயே கஷ்டப்படுகிற ஊர் வேறு இருந்தால் காட்டுங்கள்’ என்று எழுதியிருந்தது. சபை மூன்று வாரத்தில் கூடி முடிவு செய்யப்போகிறது. வெள்ளிக்கிழமைத் தபாலில் வேறு படம் போகாவிட்டால் தாழைமுனையின் பேரை அடித்துவிடுவார்கள்.

“காலையில் எழுந்த கோலத்தில் எடு. சீப்பு வேண்டாம், கோட்டு வேண்டாம். மகனை இழந்த அந்த அம்மா அழட்டும். எனக்கும் இதில் சந்தோஷமில்லை ஜெபா. ஆனால் அவர்களுக்கு அதுதான் புரியும்” என்றார் எல்சா.

வியாழக்கிழமை அக்கா பஸ் ஏறினாள். ஒரே ஒரு ரோல், பன்னிரண்டு படம். பெட்டியைக் கொண்டுபோனாளா என்றால், கொண்டுதான் போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லையாம். கை பழக்கத்தில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஊரைக் கூட்டி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தன் தப்பு என்றும் சொன்னாள். கந்தவனம், “அழத்தானே வேணும்? அழுறன். எந்தப் பக்கம் பார்த்து அழ, அதைச் சொல்லு பிள்ளை” என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாத்தை எழுந்தாள். கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்துவிட்டாள். கீழே குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். மகனைக் கரையில் கொண்டுவந்து போட்ட அன்றைக்கு எப்படி நின்றாளோ அப்படி நின்றாள்.

“எடு மகள். எங்களுக்குத் தோணி வேணும்.”

அக்கா கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் கண்ணாத்தை தெரிகிறாள். பொத்தானில் விரல் இருக்கிறது. அமுக்கினால் எல்லாருக்கும் பிழைப்பு. பெரியகுளத்தில் அத்தானை எடுத்துப்போன அன்று தன் தலையும் இப்படித்தான் கிடந்தது என்று அந்நேரத்துக்கு அவளுக்கு நினைவு வந்ததாம். அதை ஒருத்தர் படம் எடுத்துத் தேனிக்கும் கம்பத்துக்கும் அனுப்பியிருந்தால்?

“தலைய முடிங்க ஆத்தா” என்றாள்.

“அப்ப தோணி?”

கண்ணாத்தை அவிழ்த்த தலையோடு அப்படியே நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல், போன தடவை திரை பிடித்த இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் அந்தப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதைப் பிடிக்கவா?” என்றார்கள். விரித்தும் விட்டார்கள். போர்வைக்குப் பின்னால் முழு ஊரும் மறைந்தது. முறிந்த தென்னை இல்லை, மண் மூடிய கிணறு இல்லை, தலைகீழாகக் கிடந்த தோணிக்கட்டை இல்லை. கண்ணாத்தையும் ஒரு போர்வையும் மட்டும்.

அக்காவுக்கு அப்போதுதான் சங்கிலியின் கால் நினைவுக்கு வந்தது. சீமைக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய காலை எல்லாம் தானே திரை போட்டு மறைத்துவிட்டு, மூஞ்சியை மட்டும் பளபளவென்று அனுப்பியிருக்கிறோம் என்று உறைத்தது.

“அத எறக்குங்க” என்றாள். “யாரும் அழ வேணாம். கோட்ட எடுங்க, சீப்ப எடுங்க. போன தடவ மாதிரியே உடுத்துங்க. ஆனா அவகவக வீடு எங்கன இருந்துச்சோ அங்கன போயி நில்லுங்க.”

கண்ணாத்தைக்கு அவளே எண்ணெய் வைத்துச் சீவிக் கொண்டை போட்டுவிட்டாள். பிறகு ஒவ்வொரு வீடு இருந்த இடத்துக்கு முன்னாலும் கேமராவோடு பின்வாங்கிப் பின்வாங்கி நடந்தாள், முழு ஆளும், கால் மிதித்த வெறும் தரையும், பின்னால் ஒன்றுமில்லாத கடற்கரையும் விழுகிறவரைக்கும். ஒருத்தர் படம் முடிந்ததும் கோட்டைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு கோட்டு ஓடியது. கண்ணாத்தை முறை வந்தபோது அவள் அதை வாங்கிப் போடவில்லை. மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“இதைப் போட என்ர மகன் இல்லை. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். எடு” என்றாள்.

பன்னிரண்டாவது படத்தைக் கந்தவனம் எடுத்தார். அக்காவுக்கே கோட்டை மாட்டி நிறுத்தி, அவர் அமுக்கியதில் அவள் பாதித் தலை போய்விட்டது. கோட்டும் காலும் நன்றாக விழுந்திருக்கிறது. அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அக்கா எழுதினாள். நம் ஊரில் ஒரு ஆளைத் தெரிய வேண்டுமென்றால் என்ன கேட்போமோ அதையே எழுதினாள். இவர் இன்னார் மகன், இன்னாருக்கு மச்சினன், இத்தனை பிள்ளைக்குத் தகப்பன், இந்தத் தோணியில் இவரோடு போகிறவர்கள் இன்ன இன்ன முறை. கடைசியில் ஒரு தனித் தாள்: ‘கோட்டு இவர்களுடையது இல்லை. போடியில் என் அப்பாவின் ஸ்டுடியோவுடையது. விருந்தாளி முன்னால் அழுக்காக நிற்கக் கூடாது என்று இவர்கள் உடுத்தினார்கள். அழுகிற படம் எடுக்க என்னால் முடியவில்லை. அந்தக் குற்றத்தை என் மேல் வையுங்கள். ஊரை ஒதுக்காதீர்கள்.’

எல்சா அம்மா அதை இரண்டு தடவை படித்தார். “இது போய் எடுபடாவிட்டால் அந்த ஊருக்கு நீயேதான் சொல்ல வேண்டும்” என்று மட்டும் சொல்லி உறையை ஒட்டினார்.

ஐந்து வாரம் பதில் இல்லை. தாழைமுனைக்குப் போகிற பஸ்ஸில் ஏறவே அக்காவுக்குக் கால் வரவில்லையாம். எங்களுக்கும் கடிதம் எழுதவில்லை. இங்கே அம்மா தினமும் தபால்காரரை மறித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா ஞாயிறுதோறும் கோட்டில்லாத ஆணியைப் பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆனி மாதம் பதில் வந்தது. ஏழு தோணி தருகிறோம், பதினொன்றுக்கு எங்களால் ஆகாது என்று சபை எழுதியிருந்தது. அந்த உறைக்குள்ளேயே சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் ஒரு கருப்புப் பொத்தான். அந்தச் சபையில் வலை பின்னுகிற கிழவர் ஒருவர் அனுப்பியது. ‘என் பழைய கோட்டிலிருந்து வெட்டினேன். இந்த வயதில் என் கோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? உங்கள் கோட்டைத்தான் நிறையப் பேர் போட வேண்டியிருக்கிறது’ என்று இரண்டு வரி.

ஏழு தோணியைப் பதினொரு வீடு பிரிப்பது லேசில்லை. சண்டை நடந்தது, ரெண்டு வீட்டுக்குள் பேச்சும் நின்றது. அக்கா எதிலும் தலையிடவில்லை. கடைசியில் முறை வைத்துப் போவது என்றும், கடலுக்குப் போக ஆள் இல்லாத கண்ணாத்தை வீட்டுக்கு ஏழு தோணியிலும் ஒரு பிடி மீன் என்றும் கந்தவனம் பேசி முடித்தார். “பிரக்கிராசி சொல்லியாச்சு” என்று ஊரும் ஒத்துக்கொண்டது. ஆடி கடைசியில் தோணிகள் இறங்கின. முதல் நாள் மீனில் கண்ணாத்தை அக்காவுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். ‘சித்தி, உன் குழம்பைவிட உறைப்பு’ என்று எழுதியதற்கு அம்மா ரெண்டு நாள் கோபமாக இருந்தாள்.

எண்பது பங்குனியில் அக்கா ஊர் வந்து சேர்ந்தாள். கறுத்து மெலிந்திருந்தாள். பேச்சில் ரெண்டொரு வார்த்தை சிலோன் வாடை அடித்தது. கடைத்தெருவில் செல்லப்பாண்டி எழுந்து நின்று, “வாத்தா, கப்பல்காரி!” என்று மண்டிக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெரியப்பா மகளைப் பார்த்தார், பிறகு அவள் கையிலிருந்த கோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது நம்ம பொத்தான் இல்லையே. நம்மளுதுக்கு ரெண்டு ஓட்ட. இதுக்கு நாலு.”

அக்கா சொல்லச் சொல்ல அவர் அந்தப் பொத்தானைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். மற்றதையும் இதே மாதிரி மாற்றித் தைத்துவிடவா என்று அக்கா கேட்டதற்கு, “ஒண்ணும் தொடாத. அது அப்பிடியே இருக்கட்டும்” என்றார். கோட்டு ஆணிக்குப் போனது.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கேயிருந்து கடிதம் வருவது குறைந்தது. கடைசியாக எண்பத்தைந்தில் கந்தவனம் யாரையோ கொண்டு எழுதிவிட்டிருந்தார், ஏழில் அஞ்சு இன்னும் கடலுக்குப் போகிறது என்று. அக்கா அதைச் சீப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

போன மாசம் குச்சனூரில் என் சிநேகிதி மாயக்காள் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் அவள் கொழுந்தன் படம், வாலிப வயசில், கருப்புக் கோட்டோடு. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தேன்.

“என்ன சாராளு, எங் கொழுந்தன அப்பிடி உத்துப் பாக்குற?” என்று மாயக்காள் கேலி பண்ணினாள்.

“ஒங் கொழுந்தன யாரு பாத்தா?” என்றேன்.

மூன்றாவது பொத்தானில் நாலு ஓட்டை இருந்தது.